ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு

செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு, பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில், பத்துப் பன்னிரண்டு பேர் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை பெற்று வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள், எட்டாம் மாதத்தில் இருப்பவர்கள், அவர்களோடு வந்த கணவன்மார், மாமியார்மார், குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிற பெண்கள். ஆசைப்பட்டு வந்தவர்கள் யாரும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் டாக்டரின் கையெழுத்து விழ ஒரு மணி நேரம் ஆகும். வராந்தாவில் கால் கடுக்க நிற்பதற்கு இங்கே நாற்காலியாவது இருக்கிறதே என்று வந்தவர்கள்தான் முக்கால்வாசி. எதிரே மேசைமேல் ஆறு ரப்பர் குழந்தைகள் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடக்கும்.

அந்த ஆறுக்கும் சொந்தக்காரி ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பொம்மை சிஸ்டர். வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கு மேல் கோபம் வரும். வகுப்பில் யாராவது போனை நோண்டினால், "என்னங்க, உங்க குழந்தைக்கு மூச்சு நின்னப்புறம் என்னைத் தேடிக்கிட்டு வரலாம்னு இருக்கீங்களா?" என்று கேட்பாள். கேட்டவுடன் போன் உள்ளே போய்விடும். இவ்வளவு கடுகடுப்பாகப் பேசுகிற ஒருத்தியிடம் எப்படி ஊரே பிரியமாக இருந்தது என்றால், அவள் திட்டுவது திட்டு வாங்குகிறவரின் பிள்ளைக்காகத்தான் என்பது அவருக்கே தெரிந்ததுதான் காரணம்.

ஒருமுறை ஒரு மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, "நாங்கல்லாம் ஆறு புள்ளைங்கள வளர்த்து ஆளாக்கினோம்மா. இதெல்லாம் எங்களுக்கு யாரு கத்துக் குடுத்தா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பிறந்தது எத்தனைங்கய்யா?" என்று கேட்டாள்.

பெரியவர் கொஞ்சம் தயங்கி, "எட்டு," என்றார்.

"அந்த ரெண்டுக்காகத்தான் இந்த வகுப்பு. வாங்க, பொம்மையை எடுங்க."

அவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்து எடுத்தார். அன்றைக்கு அவர்தான் வகுப்பிலேயே ஒழுங்காகச் செய்தவர்.

கற்றுக்கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, முதுகில் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்செலும்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவே கூடாது. குழந்தை துவண்டுவிட்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி மூச்சு ஊதுவது, நெஞ்சை அழுத்துவது, எண்ணிக்கொண்டே நிறுத்தாமல் செய்வது. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் பெற்ற குழந்தை நீலம் பாரிக்கும்போது கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால் புத்தி வேலை செய்யாவிட்டாலும் கை வேலை செய்யும்படி பழக்க வேண்டும். "உங்க மூளையை நான் நம்பல. அன்னைக்கு அது லீவு போட்டுடும். உங்க கையையும் வாயையும்தான் நான் நம்பறேன்," என்பாள். இந்த வாக்கியத்தைத்தான் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதில் இன்னொரு வேலை உண்டு. அதுதான் கதை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் அந்த நொடியே அவரைக் கை காட்டி, போன் பண்ணச் சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் ஒரு நிமிடம் மூச்சு கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய்ப் போனை எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் பொம்மை சிஸ்டர் இதையும் கண்ணில் விரலை விட்டு ஆட்டித்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு விளையாட்டு டெலிபோன் வைத்திருந்தாள். ஒவ்வொருவரும் அதை எடுத்து மூன்று எண்ணை அமுக்க வேண்டும், மறுமுனையில் இவளே ஆபரேட்டராக மூக்கால் பேசுவாள், வீட்டு முகவரி கேட்பாள், எந்தத் தெரு, எந்தத் திருப்பம், குழந்தைக்கு என்ன வயது. முகவரி சொல்லத் தெரியாமல் உளறிய அப்பன்கள் எத்தனையோ பேர். "வீட்டு நம்பர் என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்" என்று ஒருவன் சொல்லி மாட்டிக்கொண்டதை அவள் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். பன்னிரண்டு பேருக்கு முப்பத்தாறு நிமிடம். ஒரு மணி நேர வகுப்பை முக்கால் மணி நேரமாக மேலிடம் குறைத்தபோது எதையாவது வெட்டியாக வேண்டியிருந்தது. அழுத்துவதை வெட்ட முடியுமா, ஊதுவதை வெட்ட முடியுமா? போன்தான் எல்லோருக்கும் தெரியுமே, பச்சைப் பிள்ளைகூடப் போன் பண்ணுகிறதே என்று அதை வெட்டினாள். அடியோடு விடவும் மனசில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். "போன் பண்ணதா வச்சுக்குவோம். சத்தமா சொல்லுங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு!" என்பாள். பன்னிரண்டு பேரும் கோரஸாக, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு!" என்று கத்துவார்கள். கத்திவிட்டு அழுத்த ஆரம்பிப்பார்கள். இரண்டு நொடியில் முடிந்தது. மூன்று நான்கு தடவை செய்தால் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

கூச்சம் போகிறது, உற்சாகம் வருகிறது, பக்கத்து வார்டு வரைக்கும் கேட்கிறது என்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. பார்வையிட வந்த அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வேறு இரண்டு ஆஸ்பத்திரியில் வகுப்பெடுக்கும் நர்ஸுகள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அதையே அங்கேயும் சொல்லிக்கொடுத்தார்கள். பொம்மை சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்வானேன், பெருமைதான்.

அவளுக்குப் பெருமைப்பட அதுவரை அதிகம் கிடைத்ததில்லை. இருபது வருடம் பிரசவ வார்டில் நின்றவள். ஒரு கனத்த நோயாளியைக் கட்டில் மாற்றும்போது இடுப்பில் ஏதோ நழுவியது, அதோடு நிற்கிற வேலை போயிற்று. உட்கார்ந்து செய்கிற வேலை என்று இந்த வகுப்பைத் தூக்கி அவள் தலையில் கட்டினார்கள். பழைய கூட்டாளிகள், "பொம்மையோட விளையாடற வேலையா?" என்று கிண்டல் செய்தார்கள். முதல் வருடம் கடனே என்றுதான் எடுத்தாள். இரண்டாம் வருடம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, "சிஸ்டர், இவனுக்குப் பட்டாணி அடைச்சுக்கிச்சு, நீங்க சொன்ன மாதிரி தட்டினேன், வெளியே வந்துடுச்சு," என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து பொம்மைகளைத் தானே சோப்புப் போட்டுத் துடைத்தாள். தூக்கத்தில்கூட ஒன்று, இரண்டு என்று எண்ணுவாளாம். "என் நெஞ்சை அழுத்தாத வரைக்கும் சரி," என்பார் அவள் வீட்டுக்காரர். ஒன்பது வருடத்தில் பத்தாயிரம் பேர், அதில் நாலாயிரம் பேர் அந்தக் கோரஸ் வந்த பிறகு. வருகைப் பதிவேட்டில் எல்லார் பெயரும் இருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸ் டிரைவர் அவளைத் தேடி வந்தான். தெரிந்தவன்தான். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பவர்கள், அவன் அக்கா என்பான், இவள் தம்பி என்பாள். வாயாடி. அன்றைக்கு யூனிபார்ம் இல்லாமல், மூன்று நாள் தாடியோடு, கையில் ஒரு காகிதக் கவரோடு நின்றான்.

"என்ன தம்பி, லீவா?"

"சஸ்பெண்டுக்கா. விசாரணை முடியற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாதாம்."

உட்கார்ந்து விவரம் சொன்னான். எட்டு மாதக் குழந்தை, தொண்டையில் திராட்சை அடைத்துக்கொண்டது. வீட்டில் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்களாம், வண்டி வரப் பத்தொன்பது நிமிடம் ஆனதாம், குழந்தை செத்துவிட்டது. டிரைவர் எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு அரட்டை அடித்துக்கொண்டிருந்தான் என்று புகார். ஆனால் அவனுக்குத் தகவல் வந்ததிலிருந்து எட்டாவது நிமிடம் வண்டி அந்த வாசலில் நின்றது. கன்ட்ரோல் ரூம் பதிவும் அதையேதான் சொல்கிறது. முதல் அழைப்பே குழந்தையின் அப்பா செய்த அழைப்புதான், அதுவும், "எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கோம், எங்கய்யா வண்டி?" என்று திட்டிய அழைப்பு. பதிவை அழித்துவிட்டு நாடகமாடுகிறார்கள் என்கிறது அந்தக் குடும்பம். ஹாலில் இருக்கிற பழைய லேண்ட்லைனில் குழந்தையின் அம்மா சொன்னதாகப் புகார். ஆம்புலன்ஸ் எண் இலவசம் என்பதால் பில்லிலும் ஏறாது. செய்தி பத்திரிகையில் வந்தது, மேலிடம் பயந்துபோய் இவனை வெளியே உட்கார வைத்துவிட்டது.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்குக்கா. அந்த அம்மா பொய் சொல்ற மாதிரியும் தெரியல. எங்க வண்டி டெக்னீஷியன் இடுக்கியைப் போட்டு ஒரே நிமிஷத்துல எடுத்துட்டாரு. பாதி திராட்சைதான். கொஞ்சம் கொஞ்சம் காத்து போய்க்கிட்டேதான் இருந்திருக்குன்னாரு. அந்தப் பொண்ணு அழுத்தின அழுத்து மாதிரி நான் பார்த்ததே இல்லைன்னு சொல்றாரு. வாக்குமூலத்துல உங்க பேரும் இருக்கு. சிஸ்டர் வகுப்புல சொல்லிக் குடுத்தபடியே எல்லாம் செஞ்சேன்னு. அதான், உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

கவரிலிருந்து புகாரின் நகலை எடுத்துக் கொடுத்தான். பொம்மை சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். குழந்தையின் தாய் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். காலை பத்து பதினான்குக்குக் குழந்தை திணறியது. குப்புறப் போட்டு ஐந்து தட்டினேன். மல்லாத்தி ஐந்து அழுத்தினேன். 'ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு' என்று சத்தமாகச் சொன்னேன், வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மறுபடியும் தட்டினேன்.

அவள் அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன், "என்னக்கா, முகமே மாறிடுச்சு?" என்று கேட்டதும் காதில் விழுந்தது. ஒன்றுமில்லை, வெயில் என்றாள். அந்த அறையில் வெயிலே வராது.

அந்தப் பெண்ணை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் ஒரு தடவை செய்தால் தனக்கு இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டு வாங்கிச் செய்தவள். குரல் முதலில் எழும்பவே இல்லை. "இவ்வளவு மெதுவா சொன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேக்குமா? சத்தமா!" என்று இவள்தான் அதட்டினாள். மூன்றாம் தடவை அந்தப் பெண் கத்திய கத்தலில் எல்லோரும் கைதட்டினார்கள்.

நல்ல மனுஷி, மறுநிமிடமே ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. டிரைவர் டீ குடிக்கக் கூப்பிட்டான், இடுப்பு வலி என்று மறுத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாந்தமான மனிதர், அவளுக்கு ஒன்று என்றால் உலகம் எக்கேடு கெட்டாலும் சரி என்கிற ரகம்.

"நீ போன் பண்ண வேணாம்னு சொன்னியா? இல்லையே. போன் பண்ணணும்னுதானே சொன்ன? அவங்க மறந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? பதிவு இருக்கில்ல, கேஸ் தன்னால முடிஞ்சுடும். ஓய்வு பெற ஆறு வருஷம்தான் இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு."

இது சப்பைக்கட்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு இரவு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வியாழனன்று எங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனாள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். வாய் பழக்கத்தில் ஓடியது. தட்டினார்கள், அழுத்தினார்கள். பிறகு அவள் கையைத் தூக்கினாள். அதற்குள், முன்பே அக்காவுக்குத் துணையாக வந்து இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தானே முந்திக்கொண்டு, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு!" என்று கத்தினாள். மற்ற பத்துப் பேரும் சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்தினார்கள்.

யாருடைய கையும் போன் பக்கம் போகவில்லை. பதினோரு பேருக்கும் போன் மடியிலோ பையிலோ இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக இதே அறையில் இதே இடத்தில் நின்றவளுக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. உங்கள் கையையும் வாயையும்தான் நம்புகிறேன் என்று சொல்லி வாய்க்கு மட்டும் பழக்கியிருந்தாள். நாலாயிரம் வீட்டில் அந்த வாய் காத்துக்கொண்டிருக்கிறது.

"இன்னைக்கு வகுப்பு முடிஞ்சுது," என்றாள். "இல்ல, முடியல. எல்லாரும் போனை எடுங்க. நிஜமா எடுங்க." அன்றைக்கு மணி ஒன்றரை வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. சலவை அறைக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை உட்கார்ந்து விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். ஒரு பக்கம்தான். வகுப்பில் என்ன செய்தாள், எதை வெட்டினாள், அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னாள், கேட்டவர்கள் ஏன் நம்பினார்கள், தவறு யாருடையது. கீழே கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் படித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பெற்றவளுக்கு இது ஏதோ ஒரு அலுவலகத்துக் காகிதத்திலிருந்து தெரியக்கூடாது. தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

கீழ்த்தளத்தில் மூன்று அறை வீடு. கம்பிக் கேட்டு. ஹாலில் மூலையில் ஒரு ஸ்டூல்மேல் லேண்ட்லைன். கதவைத் திறந்த மாமியார் இவள் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வாம்மா. அந்தப் பாவி டிரைவர் சீக்கிரம் வந்திருந்தா என் பேத்தி இப்ப இந்த இடத்துல தவழ்ந்துக்கிட்டிருக்கும். அவனை நீங்கல்லாம் சும்மா விடக்கூடாது. பாதியா நறுக்கித்தாம்மா குடுத்தேன். பாதிதான்."

கேட்காமலே இதைச் சொன்னாள். திராட்சையைக் கொடுத்தது அவள்தான் என்பது அப்போதுதான் சிஸ்டருக்குத் தெரிந்தது. இந்த வீட்டுக்கு அந்த டிரைவர் ஏன் தேவைப்படுகிறான் என்பதும் தெரிந்தது. குழந்தையின் அப்பா ஹாலில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி, "உக்காருங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுதினான். சவரம் செய்யாத முகம். மனைவி உள்ளே இருப்பதாகக் கையைக் காட்டினான்.

உள்ளே அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சின்னச் சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடியும் மடித்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும்," என்றாள்.

பொம்மை சிஸ்டர் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நான் போன் பண்ணல. அதுதானே?"

சிஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு சிஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஹால்ல நின்னேன். அந்தப் போன் மேல தூசி இருந்துச்சு. விரல் பட்ட தடமே இல்ல. அப்பதான் யோசிச்சேன், நான் எப்ப பண்ணேன், எங்க நின்னு பண்ணேன்னு. ஒண்ணும் ஞாபகம் வரல. சத்தமா சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அவரு கேட்டுட்டு வாசலுக்கு ஓடினாரு, வண்டிக்கு வழி காட்ட. அத்தை கேட்டுட்டு விளக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க. எல்லாரும் நம்பிட்டாங்க. நானே நம்பிட்டேன்." தூசி என்று சொன்னபோது விரலை மடக்கிக்கொண்டாள். "அப்புறம் துணியை எடுத்து அந்தத் தூசியைத் துடைச்சுட்டேன்."

"தப்பு உன்னோடது இல்லம்மா. நான்தான்..."

"தெரியும். உங்க மேலதான் எனக்கு முதல்ல கோபம் வந்துச்சு. மூணு நாள் உங்களைச் சபிச்சேன். அப்புறம் அதுவும் போயிடுச்சு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அந்த டிரைவருக்கும் குழந்தை இருக்காமே. பேப்பர்ல போட்டிருந்தான். நான் வாயைத் திறந்தா இந்த வீட்டுல எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. திறக்கலைன்னா அவனைப் பார்ப்பாங்க. தினமும் காலைல எழுந்திரிச்சு, இன்னைக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். சாயங்காலம் வரைக்கும் இந்தத் துணியை மடிச்சுக்கிட்டிருப்பேன்."

சிஸ்டர் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அவள் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. அப்பவே போன் பண்ணியிருந்தா பொழைச்சிருக்குமா?"

இந்தக் கேள்வி வரும் என்று சிஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் பதில் தயார் செய்யாமல் வந்திருந்தாள். அல்லது தயார் செய்யப் பயந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவளுக்கு இந்தக் கேள்விக்கு எத்தனையோ மழுப்பல் தெரியும். யார் கண்டது, எது எப்படியோ, எல்லாம் நம்ம கையிலயா இருக்கு. டெக்னீஷியன் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். பாதித் திராட்சை, கொஞ்சம் கொஞ்சம் காற்று. குழந்தை எப்போது துவண்டது என்று கேட்டாள்.

"நாலு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

எட்டாவது நிமிடம் வண்டி வந்திருக்கும். அதற்கு நடுவில் மூன்று நிமிடம், அதுவும் இந்தக் கைகள் விடாமல் அழுத்திக்கொண்டிருந்த மூன்று நிமிடம்.

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா பொழைச்சிருக்கலாம். பொழைக்கறதுக்குத்தான் அதிகம் வாய்ப்பு இருந்துச்சு," என்றாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது. சத்தமில்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்கி அழுதாள். சிஸ்டர் அவளைத் தொடவில்லை, தொட உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாரும் விதி முடிஞ்சுதுங்கறாங்க. எப்படியும் போயிருக்கும், அவ்வளவுதான் ஆயுசுங்கறாங்க. என் பொண்ணு சாகப் பொறந்தவ மாதிரியே பேசறாங்க சிஸ்டர். உயிரோட இருந்திருப்பான்னு சொன்னது நீங்க ஒருத்தங்கதான்."

பிறகு கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனாள். சிஸ்டர் பின்னாலேயே ஓடினாள். அவள் கணவன் முன்னால் போய் நின்று, அவன் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் அந்தக் கடிதத்தை வைத்தாள்.

"நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணல. பண்ணதா சொன்னேன். வகுப்புல சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன், வாய் சொல்லிடுச்சு. டிரைவர் மேல ஒண்ணும் இல்ல. அவங்க சொல்றது நிஜம்."

மாமியார் முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும், "அடிப்பாவி," என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பாளோ, "அம்மா, நீங்க பேசாதீங்க," என்று மகன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

அவன் கடிதத்தைப் படித்தான். ஒரு பக்கக் கடிதத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்து மனைவியைப் பார்க்கவில்லை, சிஸ்டரையும் பார்க்கவில்லை. வாசல் கேட்டைப் பார்த்தான். சிஸ்டர், "என்னைத் திட்டுங்க தம்பி. தப்பு என்னோடது. அதான் எழுதிக் குடுத்திருக்கேன், நாளைக்கே கொண்டு போய்..." என்று தொடங்கினாள். அவன் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. பேனாவைத் திறந்து, அவள் கையெழுத்துக்குக் கீழே குனிந்து எழுத ஆரம்பித்தான். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினான். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மடித்து அவளிடம் நீட்டினான். மனைவியின் பக்கம் கையை மட்டும் நீட்டினான், அவள் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று பொம்மை சிஸ்டர் கடிதத்தைப் பிரித்தாள். தான் எழுதியதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்:

'என் மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு நான் வாசலுக்குப் போனேன். வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கூப்பிட்டுத் திட்டும்வரை பதினோரு நிமிடம் ஆனது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். மணி பார்த்தது என் கையிலிருந்த போனில்.'